பெர்ஃபியூஷனா, கார்டியாக் டெக்னாலஜியா: விருப்பப் பட்டியலில் எதை முதலில் வைப்பது?

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோவில்பட்டியிலிருந்து அண்ணன் மகள் அழைத்தாள். பிளஸ் 2 தேர்வில் உயிரியலிலும் வேதியியலிலும் நல்ல மதிப்பெண். மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு நீட் மதிப்பெண் வரவில்லை. துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டு, கல்லூரியையும் படிப்பையும் வரிசைப்படுத்த வேண்டிய கட்டத்தில் இருந்தாள். “அத்தை, உங்கள் படிப்பையே நானும் படிக்கட்டுமா? கார்டியாக் டெக்னாலஜிதான் நல்லது என்று ஸ்கூலில் சொல்கிறார்கள். எதில் வேலை நிச்சயமோ அதை எடு என்கிறார் அப்பா” என்றாள்.

பதினெட்டு ஆண்டுகளாக இதய அறுவை அரங்கில் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கி வருகிறேன். அதற்கான படிப்பு கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன், சுருக்கமாகப் பெர்ஃபியூஷன். ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினோம். பிறகும் நான்கைந்து நாள் இதே நினைப்பாக இருந்தது. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியோடு ஒவ்வோர் ஆண்டும் பல வீடுகள் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இரண்டு படிப்பின் பெயரிலும் ‘கார்டியாக்’ அல்லது ‘கார்டியோ’ வருவதால், ஒன்று கிடைக்காவிட்டால் மற்றொன்று, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் இதயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. அன்றாட வேலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

எங்கள் வேலையைச் சொல்கிறேன். திறந்த இதய அறுவை சிகிச்சையில் ஒரு கட்டத்தில் இதயத்தை நிறுத்திவிடுவார்கள். நுரையீரலும் ஓய்ந்திருக்கும். உடலின் ரத்தம் சிரைக் குழாய் வழியாக வெளியே வந்து ஒரு தொட்டியில் சேரும். பம்ப் அதை ஆக்ஸிஜனேட்டர் என்ற செயற்கை நுரையீரலுக்குள் தள்ளும். அங்கே கரியமில வாயு இறங்கி ஆக்ஸிஜன் ஏறும். பிறகு வடிகட்டி வழியாகப் பெருந்தமனிக்குத் திரும்பும். இந்தச் சுற்று முழுவதும் பெர்ஃபியூஷனிஸ்டின் கையில் இருக்கிறது. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் டாக்டர் ஜான் கிப்பன் இந்த இயந்திரத்தை வைத்து முதல் வெற்றிகரமான அறுவையைச் செய்தபோது, பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை அது 26 நிமிடம் முழுமையாக ஏற்றுக்கொண்டது. அந்த இயந்திரத்தை உருவாக்க அவருடைய மனைவி மேரி ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்திருந்தார். இன்றைக்கு இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் ஓட்டுவது எங்களுக்கு வாடிக்கை.

ஒரு காலைப் பொழுதை மட்டும் அருகே வைத்துக் காட்டுகிறேன். ஆறரை மணிக்கு அரங்கில் இருப்பேன். உறை பிரித்துக் குழாய்களைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றைக் கார்பன் டை ஆக்ஸைடு விட்டு வெளியேற்றி, ஒரு லிட்டருக்குச் சற்று மேலாக ரிங்கர் லாக்டேட் போன்ற திரவத்தை நிரப்புவோம். பம்ப்பை மெல்ல ஓடவிட்டு, ஆக்ஸிஜனேட்டரை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தட்ட, ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்குமிழிகள் விடுபட்டு மேலே ஏறும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் பின்னால் நின்று, “இன்னும் ஒன்று இருக்கிறது, தட்டு” என்பார். எனக்கு எதுவும் தெரியாது. மறுபடி தட்டுவேன். கடுகைவிடச் சிறிதாக ஒன்று புறப்பட்டு வரும். அந்தக் கண் எனக்கு வாய்க்க இரண்டு ஆண்டு ஆயிற்று.

பம்ப் ஓடத் தொடங்கியபின் வேலை கணக்காக மாறும். நோயாளியின் உயரமும் எடையும் உடற்பரப்பாக மாறும். சாதாரண வெப்பநிலையில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 2.4 லிட்டர் என்பது நாங்கள் பிடித்துக்கொள்ளும் அளவு. சற்றுப் பெரிய உடலுக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 67 மில்லி. தொட்டியில் 800 மில்லி இருக்கிறது. சிரைக் குழாய் எங்கேயோ மடங்கி வரவு நின்றுபோனால் தொட்டி வற்ற 12 நொடி. அதற்குப் பிறகு போவது காற்று. மட்டம் இறங்கினால் கத்தும் சென்சார் உண்டு, குமிழியைக் கண்டால் பம்ப்பை நிறுத்தும் சென்சாரும் உண்டு. ஆனாலும் மட்டத்தைவிட்டுக் கண்ணை எடுக்க எங்களுக்குப் பழக்கமில்லை. மின்சாரம் போய், பேட்டரியும் கைவிட்டால் சுற்றுவதற்கென்று ஒரு கைப்பிடி இயந்திரத்தோடு தொங்கும். அதைச் சுற்றும் பயிற்சியும் படிப்பில் அடக்கம்.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னது பயமுறுத்துவதற்காக இல்லை. எந்த வகை மனம் இதற்குப் பொருந்தும் என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். இன்னொரு உதாரணமும் சொன்னேன். பம்ப்பில் ஏற்றுவதற்கு முன் ரத்தம் உறையாமலிருக்க மயக்க மருத்துவர் ஹெப்பாரின் கொடுப்பார். கிலோவுக்கு 300 யூனிட் என்றால் 60 கிலோ எடைக்கு 18,000 யூனிட். கொடுத்ததோடு முடிந்துவிடாது. ரத்தம் உறைய எத்தனை நொடி ஆகிறது என்ற ஏசிடி பரிசோதனை 480 நொடியை எட்ட வேண்டும் என்பது பல அரங்குகளில் விதி. அறுவை மருத்துவர் ரத்தக் குழாய்களில் கேனுலா என்ற இணைப்புக் குழாய்களைப் போட்டு முடித்துவிட்டு “ஆன் பம்ப்” என்பார். திரையில் 390 நிற்கும். அப்போது இருபத்திரண்டு வயதுப் பெண், முப்பது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவரிடம், “ஏசிடி இன்னும் வரவில்லை சார், ஏற்ற முடியாது” என்று குரல் நடுங்காமல் சொல்ல வேண்டும். அவருக்கு எரிச்சல் வரலாம். அந்த நொடியில் பணிந்துபோகிறவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. கணக்கும் உடற்செயலியலும் படித்தால் வந்துவிடும். இந்தத் தெம்பு இருக்கிறதா என்று மாணவி தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கார்டியாக் டெக்னாலஜி படித்தவரின் நாள் வேறு மாதிரி. இசிஜி, டிரெட்மில், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் எக்கோ, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குச் செலுத்தும் கேத் லேப் என்று ஐந்தாறு இடங்களில் அவர் கை இருக்கும். கேத் லேப்பில் ஆஞ்சியோகிராம் நடக்கும்போது, கதீட்டரின் நுனியில் பதிவாகும் அழுத்த அலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். கூர்மையாக எழுந்து விழ வேண்டிய அலை திடீரென்று மழுங்கிப்போகும். கதீட்டர், இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரித் தமனியின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அதற்குப் பொருள். “டேம்ப் ஆகிறது சார்” என்று அவர் உடனே குரல் கொடுக்க, மருத்துவர் கதீட்டரைப் பின்னால் இழுப்பார். அதுவும் நொடிக் கணக்கு விஷயம்தான். பட்டன் அமுக்குகிற வேலை என்று எந்தப் பக்கத்தையும் யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

முக்கியமான வேறுபாடு நோயாளியோடு உள்ள உறவில் இருக்கிறது. டிரெட்மில்லில் ஏறும் பெரியவரிடம், “மூச்சு வாங்கினால் உடனே சொல்லுங்கள் ஐயா” என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எக்கோ எடுக்கும்போது பயந்த அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். மனிதர்களோடு பேசப் பிடித்தவர்களுக்கு அது நிறைவான வேலை. என் நோயாளிகளை நான் முந்தைய நாள் மாலை ஒரு முறை பார்ப்பேன், அதோடு சரி. மறுநாள் அவர்கள் தூங்கியபின் என் வேலை தொடங்கும், விழிப்பதற்கு முன் முடிந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு என் முகம் தெரியாது. எனக்கு அது குறையாகப்பட்டதில்லை. குறையாகப்படுகிறவர்களும் உண்டு.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன், வேலை. இதில் மழுப்பக்கூடாது. கேத் லேப் இருக்கும் மருத்துவமனைகள் இதய அறுவை அரங்கு இருக்கும் மருத்துவமனைகளைவிட எண்ணிக்கையில் மிகவும் அதிகம். எக்கோ இயந்திரம் வைத்திருக்கும் கிளினிக்குகளைச் சேர்த்தால் இன்னும் அதிகம். கார்டியாக் டெக்னாலஜி முடித்தவர் சொந்த மாவட்டத்திலேயே வேலை தேடலாம். பெர்ஃபியூஷன் முடித்தவர் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, வேலூர் என்று பெருநகரங்களையும் பெரிய மருத்துவமனைகளையும் சுற்றித்தான் வாழ வேண்டும். என்னோடு படித்தவர்களில் இரண்டு பேர் திருமணமாகிச் சிறிய ஊர்களுக்குப் போனார்கள். சுற்று வட்டாரத்தில் திறந்த இதய அறுவை நடக்கும் மருத்துவமனை இல்லை. இருவருமே மிகத் திறமையானவர்கள். ஒருத்தி இப்போது பள்ளியில் பாடம் நடத்துகிறாள், மற்றொருத்தி வீட்டில் இருக்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பைச் சொல்லும்போது இதை மறைப்பது பாவம் என்றே நினைக்கிறேன்.

அதே நேரம், ஒரு ஊரில் பெர்ஃபியூஷனிஸ்ட் தேவைப்பட்டால் அந்த இடத்தில் வேறொருவரை உட்காரவைக்க முடியாது. போட்டி குறைவு, ஓரிடத்தில் நிலைத்தபின் மதிப்பும் அதிகம். தொடக்கச் சம்பளத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டுமே சென்னையில் அறை எடுத்துத் தங்கினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும் அளவுதான். ஐந்து ஆண்டு தாண்டி, தனியாகக் குழந்தைகளின் அறுவையைக் கையாளத் தெரிந்த பெர்ஃபியூஷனிஸ்ட்டின் நிலை வேறு. பச்சிளம் குழந்தையின் மொத்த ரத்தமே சில நூறு மில்லிதான். குழாயில் நிரப்பும் திரவத்தின் ஒவ்வொரு மில்லியும் அங்கே கணக்கு. அந்தக் கைப்பக்குவத்தைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுப்பார்கள்.

எதிர்காலத்தைப் பற்றி இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பைபாஸ் அறுவைகளில் பல, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, பம்ப் இல்லாமல் நடக்கின்றன. பெருந்தமனி வால்வைக்கூடத் தொடைத் தமனி வழியாகக் கேத் லேப்பில் வைத்துப் பொருத்துகிறார்கள். இவை பம்ப்பின் வேலையைக் குறைக்கின்றன, கேத் லேப்பின் வேலையைக் கூட்டுகின்றன. மறுபக்கம் எக்மோ. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு அந்தக் கருவி பொருத்தப்பட்டபோதுதான் தமிழ்நாட்டில் பலரும் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேட்டார்கள். 2020இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வாரக்கணக்கில் எக்மோவில் இருந்தபோது வீட்டுக்கு வீடு அதே பேச்சு. எங்கள் இயந்திரத்தின் தத்துவமேதான் அது, அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இடம் மாறி, நாட்கணக்கில் ஓடுகிறது. இதய மாற்று அறுவை, நுரையீரல் மாற்று அறுவை, செயற்கை இதயத் துணைக் கருவிகள் எல்லாவற்றிலும் பெர்ஃபியூஷனிஸ்ட் வேண்டும். ஆகவே தொழில் மறைந்துபோகும் என்று நான் நம்பவில்லை. பம்ப்பை மட்டும் தெரிந்துகொண்டு இருந்துவிடலாம் என்ற காலம்தான் போய்விட்டது.

உடல் சிரமம் இரண்டிலும் உண்டு. கேத் லேப்பில் நாள் முழுவதும் ஈய அங்கி தோளை இழுக்கும். கதிர்வீச்சு அளவைக் காட்டும் பட்டையை மார்பில் குத்திக்கொண்டே வேலை செய்ய வேண்டும். மாரடைப்பு நள்ளிரவிலும் வரும் என்பதால் இரவு அழைப்பும் உண்டு. எங்களுக்குக் கதிர்வீச்சு இல்லை. ஆனால் எழுந்து போக முடியாது. பம்ப் ஓடும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குப் போகவோ மாற்று ஆள் வர வேண்டும். சிறிய மருத்துவமனையில் மாற்று ஆள் இருப்பதில்லை. அவசர அறுவை என்றால் தீபாவளி, பொங்கல் பார்க்காது. மகளுக்குக் காய்ச்சல் அடிக்கும் இரவுகளில் போன் வந்திருக்கிறது, போயிருக்கிறேன்.

மற்ற படிப்புகளைப் பற்றியும் அவள் கேட்டாள். ஆபரேஷன் தியேட்டர் மற்றும் அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தால் எந்த ஊரில் அறுவை அரங்கு இருக்கிறதோ அங்கெல்லாம் வேலை இருக்கும். பரப்பு அதிகம், ஒரு துறையின் ஆழம் குறைவு. டயாலிசிஸும் அப்படியே, தேவை பெருகிக்கொண்டே போகிறது. வெளிநாடுதான் முதல் குறிக்கோள் என்றால் நர்சிங்கை எடு என்றேன். அந்தப் பாதையில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் நடந்து தடம் போட்டிருக்கிறார்கள்.

பெர்ஃபியூஷனில் வெளிநாட்டுக் கனவு இருந்தால் உண்மை நிலவரம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சான்றளிக்கும் வாரியத்தின் தேர்வை எழுத, அங்கே அங்கீகாரம் பெற்ற பெர்ஃபியூஷன் படிப்பை முடித்திருக்க வேண்டும். நம் பி.எஸ்சி. பட்டத்தையும் அனுபவத்தையும் காட்டி நேராக அந்தத் தேர்வுக்கு உட்கார முடியாது. அங்கே மறுபடி படிக்க ஆகும் செலவு நடுத்தரக் குடும்பத்துக்குச் சாதாரணமானதில்லை. வளைகுடா நாடுகள் எளிது. இரண்டு மூன்று ஆண்டு நல்ல அனுபவம், சான்றிதழ் சரிபார்ப்பு, உரிமத் தேர்வு என்று போய், வீட்டுக் கடனை அடைத்துவிட்டுத் திரும்பியவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

இனி எங்கே படிப்பது. இரண்டு படிப்புகளின் பெயரை ஒப்பிடுவதைவிட இந்த ஒப்பீடு பத்து மடங்கு முக்கியம் என்பது என் முடிவான கருத்து.

தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதற்குப் பெயர் பி.எஸ்சி. கார்டியோ பல்மனரி பெர்ஃபியூஷன் கேர் டெக்னாலஜி. மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சிப் பணி. பிளஸ் 2வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நான் அறிந்தவரை மாநிலக் கலந்தாய்வு பிளஸ் 2 மதிப்பெண் தரவரிசையில்தான் நடந்து வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் பெரிய பாரமாக இருக்காது. தனியாரிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுக்கு லட்ச ரூபாயைத் தாண்டும் இடங்கள் உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் பி.எஸ்சி. பெர்ஃபியூஷன் இருக்கிறது. அங்கே அண்மை ஆண்டுகளில் நீட் மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள். மருத்துவ இடத்துக்குப் போதாத நீட் மதிப்பெண்ணைக் குப்பையில் போட்டுவிடாமல் அங்கே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை. அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வரிக்கு வரி படித்துவிட வேண்டும்.

ஆனால் கட்டணத்தையும் கட்டடத்தையும் பார்த்து முடிவெடுத்துவிடாதீர்கள். என் தோழி ஒருத்தி, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தனியார் கல்லூரியில் இதே பட்டம் படித்தாள். கல்லூரிக்குச் சொந்தமாக இதய அறுவை அரங்கு இல்லை. வேறொரு மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒரு பம்ப்பைச் சுற்றி ஒன்பது பேர் நின்றார்கள். அவள் பார்த்தது முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான். பதிவேட்டில் எண்ணிக்கை மட்டும் நிறைந்தது. பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூத்த பெர்ஃபியூஷனிஸ்ட் ஒருவர் பம்ப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். இரண்டு நிமிடத்தில், “என்னால் முடியாது சார், எனக்குத் தெரியாது” என்று அழுதுவிட்டாள். நான்கு ஆண்டும் அவள் அப்பாவின் நிலமும் போயிருந்தன. அவள் மனம் தளராமல் அந்த மருத்துவமனையிலேயே இரண்டு ஆண்டு உதவியாளராக இருந்து முதலிலிருந்து கற்று, இன்று மிகச் சிறந்த பெர்ஃபியூஷனிஸ்டாக இருக்கிறாள். அவள் இழந்த இரண்டு ஆண்டுக்கு யார் பொறுப்பு என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

அமெரிக்கச் சான்றிதழுக்கு மாணவர் குறைந்தது 75 அறுவைகளில் பம்ப்பைக் கையாண்டிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியச் சான்றிதழில் 100. சான்றிதழ் வாங்கியபிறகும் ஆண்டுக்கு 40 கேஸ் செய்யாவிட்டால் அமெரிக்காவில் புதுப்பிக்க முடியாது. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு நம் கல்லூரியை எடை போடுங்கள். “உங்கள் மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை இதய அறுவை?” என்று கேட்டால் பெரிய எண் ஒன்று வரும். அதில் மயங்க வேண்டாம். முன்னே சொன்னதுபோல் பம்ப் இல்லாமல் செய்யும் பைபாஸும் அதில் சேர்ந்திருக்கும். “அவற்றில் பம்ப்பில் செய்தவை எத்தனை? வால்வு எத்தனை, குழந்தைகள் எத்தனை? ஓர் ஆண்டில் எத்தனை மாணவர்கள்?” என்று கேளுங்கள். ஆண்டுக்கு 300 பம்ப் கேஸ், பயிற்சியில் 5 மாணவர் என்றால் ஆளுக்கு 60 வரும். அதே 300க்கு 20 மாணவர் என்றால் ஆளுக்கு 15. வகுப்பறையில் குளிர்சாதனம் இருக்கிறதா என்பதைவிட இந்த வகுத்தல் கணக்கு உங்கள் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

இன்னொரு பாதையும் உண்டு. முதலில் வேறு பி.எஸ்சி. படித்துவிட்டு, பிறகு முதுநிலைப் பட்டயமாகப் பெர்ஃபியூஷன் படிப்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனத்தில் அப்படி இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. இந்தியாவிலேயே உருவான சித்ரா இதய வால்வு அங்கேதான் பிறந்தது. கருவியை வாங்கி வைத்திருக்கும் இடத்துக்கும் கருவியைச் செய்து பார்க்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை, அங்கே படித்து வந்தவர்களோடு வேலை செய்தபோது கண்டிருக்கிறேன். ஏன் இந்த அளவு, ஏன் இந்த வெப்பநிலை என்று கேட்கத் தெரிந்தவர்களாக வருகிறார்கள். இடம் மிகக் குறைவு. பதினேழு வயதில் முடிவெடுக்கத் தயங்கும் பிள்ளைக்கு இது நல்ல வழி. இருபது வயதுக்குமேல் எடுக்கும் முடிவில் நிதானம் இருக்கும். காலம் ஓரிரு ஆண்டு கூடும், அதைக் குடும்பம் தாங்க வேண்டும்.

சட்டப் பக்கம் ஒரு வார்த்தை. 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், பெர்ஃபியூஷனிஸ்டையும் கார்டியோவாஸ்குலர் டெக்னாலஜிஸ்டையும் தனித் தொழில்களாக அங்கீகரித்திருக்கிறது. பல்கலைக்கழக இணைப்பு இல்லாமல் ஓராண்டு, ஆறு மாதம் என்று சான்றிதழ் கொடுக்கும் இடங்களில் சேர்வது எந்தக் காலத்திலும் ஆபத்துதான். பதிவு கட்டாயமாகும் காலத்தில் அந்தக் காகிதத்தோடு எங்கே போய் நிற்பது?

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் கார்டியாக் டெக்னாலஜி என்று எழுதிவிடட்டுமா அத்தை?” என்றாள். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. அந்த ஏமாற்றம் எனக்கு ஒரு செய்தி. மனம் பம்ப் பக்கம் இருக்கிறது. என் முடிவைச் சொன்னேன். கைக்கு வேலை கிடைக்கும் கல்லூரி என்றால் பெர்ஃபியூஷன் முதலில். அப்படிப்பட்ட கல்லூரிகள் தீர்ந்தபின் பெர்ஃபியூஷன் என்ற பெயருக்காக எந்தக் கல்லூரியையும் எழுதாதே, அடுத்த வரியில் கார்டியாக் டெக்னாலஜியை வை. நல்ல கேத் லேப்பில் கற்ற டெக்னாலஜிஸ்ட், பம்ப்பைத் தொடாத பெர்ஃபியூஷனிஸ்டைவிட ஆயிரம் மடங்கு மேல். எந்த நிலையிலும் ஊரைவிட்டு வர மனமில்லை என்றால் கார்டியாக் டெக்னாலஜியே முதல் வரி, அதில் இரண்டாவது யோசனை வேண்டாம்.

அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் மூன்றாவதாக ஒரு தனியார் கல்லூரி இருந்தது. போய்ப் பார்க்காமல் எழுதாதே என்றேன். அண்ணன் அவளை அழைத்துக்கொண்டு இரவு பஸ் ஏறினார். அலுவலகத்தில் பளபளப்பான கையேடு கொடுத்திருக்கிறார்கள், ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். மாணவர்களைப் பார்த்துப் பேசு என்று நான் சொல்லி அனுப்பியிருந்ததால், கேன்டீனில் நீல உடையில் நின்றிருந்த பயிற்சிப் பணி அக்கா ஒருவரிடம் இவளே போய், “எத்தனை கேஸ் நீங்களே ஓட்டியிருக்கிறீர்கள் அக்கா?” என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “பார்த்தது நாற்பது. ஓட்டியது இரண்டு” என்றாளாம்.

திரும்பும் வழியிலேயே அந்த வரியை அடித்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். முதல் இரண்டு வரியும் அரசுக் கல்லூரிகளில் பெர்ஃபியூஷன். மூன்றாவது வரியில், திருநெல்வேலியில் கார்டியாக் டெக்னாலஜி.